பேருக்கு ரெண்டு லட்சம், முதுகுக்குப் பத்தாயிரம்

தம்பிக்கு,

கூர்நோக்கு இல்லத்துல உங்களுக்கு வேலை ஆயிருச்சுன்னு அப்பா போன்ல சொன்னாருங்க. நிரந்தரமாங்கன்னு கேட்டேன். "தொகுப்பூதியம்தானுங்"ன்னாரு, சொல்றப்பவே குரல் இறங்கிப் போச்சு. அதுக்கெல்லாம் வெசனப்படாதீங்க. நிரந்தரமோ தற்காலிகமோ, பசங்களுக்கு நீங்க வார்டன் சாருதான். பயிற்சி எத்தனை நாளைக்குன்னு ஆபீஸ்ல கேட்டீங்களாமா. கேட்டதுக்கு அங்க சிரிச்சிருப்பாங்களே! இந்தத் துறையிலயே தலை நரைச்சு ரிட்டயர் ஆனவன்ங்கற உரிமையில இந்தக் கடுதாசி எழுதறேன். உங்க பயிற்சி இதுதான்.

மொதல்ல சட்டத்தப் படிச்சுப்போடுங்க. இந்தியாவுலயே குழந்தைகளுக்குன்னு தனிச் சட்டம் மொதல்ல போட்டது நம்ம மெட்ராஸ் மாகாணம், 1920ல. நூறு வருஷத்துக்கு மேல அனுபவம் நமக்கு. இப்ப நடப்புல இருக்கறது 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். நான் கேலி பண்றேன்னு நெனைக்காதீங்க, நெசமாலுமே நல்ல சட்டமுங்க. தப்புப் பண்ணிப் பிடிபட்ட பையனை லாக்கப்புல வெக்கக் கூடாது, ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது, இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள இளைஞர் நீதிக் குழுமத்து முன்னால நிறுத்தோணும், அவன் செஞ்ச தப்பு அவனோட பிற்காலத்துக்கு இடைஞ்சலா நிக்கக் கூடாது. எல்லாம் எழுதி வெச்சிருக்காங்க.

அதுக்கு 2016ல மத்திய அரசு மாதிரி விதிகளும் போட்டுது. அதுல சாப்பாட்டுப் பட்டியலைப் பாருங்க. தலைக்கு ஒரு நாளைக்கு மஞ்சள் 5 கிராம், இஞ்சி 5 கிராம், பூண்டு 5 கிராம், புளி 5 கிராம், பால் 150 மில்லி. நம்ம பக்கத்துக் கல்யாணச் சமையல்காரங்க கூட இத்தனை நுணுக்கமாக் கணக்குப் போட மாட்டாங்க. படுக்கறதுக்கு 25 பசங்களுக்கு ஆயிரம் சதுர அடி ஹால், அதாவது தலைக்கு 40 சதுர அடி. ஓவியம், கைவேலை, பாட்டு மூணுக்கும் சேர்த்து ஒரு வாத்தியார். உடற்பயிற்சியும் யோகாவும் சொல்லித் தர ஒருத்தரு. ஆலோசகரு, செவிலியரு, தோட்டக்காரரு. பொறாமையா இருக்குதுங்களா? எனக்கும் இருந்துது. என் பேரனை ஃபீஸ் கட்டிப் படிக்க வெக்கற பள்ளிக்கூடத்துல கூடப் பாட்டு வாத்தியார் கிடையாது.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவரு ஆலோசகர் உண்டா, பாட்டு வாத்தியார் உண்டான்னு கேப்பாரு. 'பணியிடம் உண்டுங்க சார்'னு பதில் சொல்லுங்க. பொய்யில்ல. பணியிடம் இருக்குது, ஆளுதான் இல்ல. வந்தவருக்கும் அது தெரியும், எளநி குடிச்சுட்டு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாரு. குழந்தைகளைப் பாத்துக்கற அமைப்புகள்ல காலியிடத்தையெல்லாம் நிரப்புங்கன்னு சம்பூர்ணா பெஹுரா வழக்குல சுப்ரீம் கோர்ட்டே 2018ல சொல்லிருச்சு. கோர்ட்டு சொன்னதையும் ஃபைல்ல போட்டு வெச்சிருக்காங்க, பத்திரமா.

இனி விலைப்பட்டியல். கவனமாப் படிங்க, பரீட்சைல வராது, ஆனா பொழப்புல வரும். 82ஆம் பிரிவு: இல்லத்துல வேலை பாக்கறவரு ஒழுங்கு கத்துக் குடுக்கறேன்னு ஒரு பையனை அடிச்சு, அது நிரூபணமும் ஆனா, முதல் தடவைக்குப் பத்தாயிரம் ரூபா அபராதம். மறுபடி அடிச்சு மறுபடி நிரூபணமானாத்தான் மூணு மாசம் வரைக்கும் சிறைங்கற பேச்சே வருது, அதுவும் இல்லாட்டி அபராதம்தான். அதே சட்டத்துல 74ஆம் பிரிவு: பையன் பேரையோ படத்தையோ யாராவது வெளியிட்டா ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லாட்டி ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்லாட்டி ரெண்டும். பேரை மறைக்கறது நியாயந்தானுங்க, நான் குத்தம் சொல்லல. ஆனா கணக்குத் தெரிஞ்ச ஊர்க்காரங்க நாம, கூட்டிக் கழிச்சுப் பாக்காம இருக்க முடியுமா? பேருக்கு ரெண்டு லட்சம், முதுகுக்குப் பத்தாயிரம்.

75ஆம் பிரிவுல கொடுமை பண்ணுனா அஞ்சு வருஷம் வரைக்கும் கடுங்காவல், அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம் இருக்குதேன்னு வக்கீலுக்குப் படிக்கற உங்க தங்கச்சி சொல்லும். இருக்குது கண்ணு. 82ல தண்டனை ஆனா வேலையும் போயிரும், மறுபடி குழந்தைங்க பக்கமே வேலைக்கு வர முடியாது, அதுவும் இருக்குது. எதுவானாலும் சாட்சி வேணுமில்ல? அந்த ரூமுக்குள்ள ரெண்டே வகை ஆளுகதான் இருப்பாங்க. அடி வாங்குனவன், அடுத்து வாங்கப் போறவன்.

ஒண்ணு மறந்துட்டேன். நம்ம கோயமுத்தூரு மரியாதைக்குப் பேர் போன சீமை. மெட்ராஸ்காரங்க 'டேய்'ன்னு கூப்பிட்டு அடிப்பாங்க. நாம 'இங்க வா சாமி'ன்னு கூப்பிட்டுத்தான் அடிக்கோணும்.

வர்ற பசங்க யாருன்னு தெரிஞ்சுக்கோணுமில்ல? பள்ளிக்கூடத்தை விட்டுட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போனவன். கணபதியில லேத் பட்டறைக்குப் போனவன். அப்பன் குடிச்சுட்டுக் கெடக்க, அம்மா நாலு வீட்டுல பாத்திரம் கழுவ, சித்தப்பன் வீட்டுத் திண்ணையில வளர்ந்தவன். சின்ன வயசுல அவனை வேலைக்கு வெச்சவரைத் தேடி எந்த ஜீப்பும் போனதில்ல. அவரு பேரு ஊர்க்கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ்ல பெரிய எழுத்துல இருக்கும். பையன் ஒரு வண்டியைத் தள்ளிட்டுப் போனா மட்டும் சட்டம் வெசயா வந்து சேரும்.

இத்தனைக்கும் அவனைப் பிடிச்சாரவே கூடாதுங்கறதுதான் விதி. கொடுங்குற்றம் இல்லாட்டி எஃப்.ஐ.ஆர். வேண்டாம், ஸ்டேஷன் டைரில குறிச்சு, பையனோட வீட்டு நெலமையைப் பத்தி ஒரு அறிக்கை எழுதுனாப் போதும், பையனோட நலனுக்கு அவசியம்னாத்தான் கூட்டிட்டு வரோணும். 12ஆம் பிரிவு இன்னும் தாராளம்: ஜாமீன்தாரரோட விடலாம், ஜாமீன்தாரர் இல்லாமயும் விடலாம். ஆனா அந்தப் பிரிவு இருக்குதுன்னு சொல்றதுக்கு ஒரு வக்கீல் வேணும், குழுமத்துக்கு வந்து நிக்க அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகோணும். சட்டம் இலவசம், பஸ்சுதான் காசு கேக்குது.

12ஆம் பிரிவு முழுசா வேலை செய்யறதைப் பாக்கோணும்னா புனேவுக்குப் போங்க. 2024 மே 19, விடியக்காலம். பதினேழு வயசுப் பையன் ஓட்டுன போர்ஷே கார் மோதி ரெண்டு சின்ன வயசு இன்ஜினியருங்க செத்தாங்க. தாத்தா வந்து பேரனைப் பாத்துக்கறேன்னு உறுதி குடுத்தாரு, அன்னைக்கே ஜாமீன். நிபந்தனை என்ன? சாலை விபத்தைப் பத்தி 300 வார்த்தையில கட்டுரை எழுதோணும். பையனோட ரத்த மாதிரியவே மாத்திட்டாங்கன்னு டாக்டருங்களைக் கைது பண்ணுனாங்க. நாடே கொதிச்ச பொறவுதான் அவனை இல்லத்துக்கு அனுப்புனாங்க.

இப்பத் தாம்பரத்துக்கு வாங்க. 2022 டிசம்பர் 29. இங்க பிடிபட்ட பையனுக்கும் பதினேழு வயசு. ரயில்வே இடத்துல பேட்டரி திருடுனான்னு ரயில்வே பாதுகாப்புப் படை பிடிச்சுது. செங்கல்பட்டு அரசு சிறப்பு இல்லத்துக்கு அனுப்புனாங்க. 31ஆந் தேதி பொணமாப் போயிட்டான். ஊரெல்லாம் புது வருஷத்துக்குக் கேக் வெட்டிட்டு இருந்துது. மொதல்ல சந்தேக மரணம், பொறவு கொலை வழக்கு, 2023 ஜனவரில இல்லத்துல வேலை பாத்த ஆறு பேரு கைது.

எத்தனை பேட்டரி தம்பி? எத்தனை ரூபா? அந்தப் பையன்கிட்ட பேட்டரியைப் பத்தி 300 வார்த்தை எழுதிட்டு வாடான்னு ஒருத்தர் கூடச் சொல்லலையே! அவனுக்கும் அதே சட்டம், அதே 12ஆம் பிரிவு, அதே வயசு. தாத்தாதான் வேற. பேரு எழுத மாட்டேன். எழுதுனா 74ஆம் பிரிவு. செத்த பையனோட பேரைச் சட்டம் இன்னும் பத்திரமாக் காப்பாத்திட்டு இருக்குது, காப்பாத்த வேற எதுவும் மிச்சமில்லாததால.

பொறவு என்னாச்சுன்னு கேப்பீங்க. வழக்கம் போல ஒருநபர் குழு. ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு ஊர் ஊரா இல்லங்களைப் பாத்து, 2023லயே முதல்வர் கையில அறிக்கையைக் குடுத்தாரு. அவரு ஏனோதானோன்னு எழுதற ஆளில்ல, இந்த இல்லங்களுக்குன்னு தனித் துறையே வேணும்னு எழுதுனாரு. அறிக்கை வாங்கற போட்டோ எல்லாப் பேப்பர்லயும் வந்துது. அறிக்கையும் நம்ம பசங்க மாதிரியேதான். உள்ள அனுப்பறப்பப் போட்டோ எடுப்பாங்க, வெளிய எப்ப வரும்னு யாரும் கேக்க மாட்டாங்க.

கோயமுத்தூர் ஜனத்தைப் பத்திப் பயப்படாதீங்க. லட்சுமி மில்ஸ் சிக்னல்ல தினமும் நின்னு போற லட்சம் பேருத்துல, பக்கத்துல ஒரு கூர்நோக்கு இல்லம் இருக்குதுன்னு தெரிஞ்சவங்க எத்தனை பேருன்னு நினைக்கறீங்க? பசங்க தப்பிச்சு ஓடுனாத்தான் ஊருக்கு இல்லம் ஞாபகம் வரும். 2016ல சென்னை கெல்லீஸ்ல முப்பது பேருக்கு மேல ஒட்டுக்கா ஓடுனப்ப டிவில விவாதம் நடந்துது. எப்படி ஓடுனாங்கன்னு அலசுனாங்க. ஏன் ஓடுனாங்கன்னு கேக்க நேரம் பத்தல.

கைதிகளை மதிக்கத் தெரியாத ஊருன்னும் சொல்லிர முடியாதுங்க. 1908ல இருந்து 1910 வரைக்கும் வ.உ.சி. நம்ம சென்ட்ரல் ஜெயில்லதான் செக்கிழுத்தாரு. அந்தச் செக்குக்கு இன்னைக்கும் மாலை போடறோம். ஜெயில் நிலத்துல 45 ஏக்கர் ஒதுக்கிச் செம்மொழிப் பூங்கா கட்டியாச்சு, பொழுதோட போனா ரோஜாத் தோட்டத்துல செல்ஃபி எடுக்கலாம். உள்ள கெடந்தவன் நூறு வருஷம் காத்திருந்தா நம்ம ஊரு அவனைக் கையெடுத்துக் கும்புடும். பதினேழு வயசுக்காரனுக்கு அத்தனை பொறுமை எங்க இருக்குது?

பேக்கரில உக்காந்து டீ குடிக்கற பெரியவங்க உங்க வேலையைக் கேட்டதும், "நாலு போடு போடுங்க தம்பி, இப்பெல்லாம் பசங்கதான் நாட்டையே கெடுக்கறானுக"ம்பாங்க. 2022ல நாடு முழுக்கப் பதிவான குற்றம் 58 லட்சத்துச் சொச்சம். அதுல சிறார் பண்ணுனதாப் பதிவானது 30 ஆயிரத்துச் சொச்சம். நூத்துக்கு ஒண்ணு கூட வரல. மிச்சத் தொண்ணூத்தொம்பது சொச்சத்தையும் பண்ணுனவங்க பெரியவங்க, அதுல கொஞ்சம் பேரு பேக்கரில டீ குடிச்சுட்டும் இருப்பாங்க. நீங்க இதையெல்லாம் எடுத்துச் சொல்லாதீங்க. பன்னைச் சாப்புட்டுட்டுப் பேசாம எந்திரிச்சு வந்துருங்க.

அடிக்காம இந்த வேலையைப் பாக்க முடியாதாங்கன்னு அப்பாகிட்டக் கேட்டீங்களாமா. முடியுமுங்க. பாத்தவங்க இருக்காங்க. ஒருத்தரு ராத்திரி ஷிஃப்டுல பசங்களோட உக்காந்து கேரம் ஆடுவாரு. அவரு இருக்கற வரைக்கும் ஒருத்தன் மதில் பக்கம் திரும்பிப் பாத்ததில்ல. இல்லத்துல ஒழுங்கு கெட்டுப் போச்சுன்னு எழுதி அவரை அக்கட்டால மாத்திட்டாங்க. அறுபது பசங்களுக்கு ஒரே ஆளை ராத்திரி முழுக்க நிறுத்தி, ஆலோசகரும் இல்லாம, பயிற்சியும் இல்லாம, மாசக் கடைசில சம்பளமும் வராம இருந்தா அந்த ஆளு என்ன பண்ணுவாருன்னு மேல உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியாதுங்கறீங்களா? தெரிஞ்சுதான் நிறுத்தறாங்க. கம்பு உங்க கையில இருக்கறவரைக்கும் அவங்க கை சுத்தமா இருக்கும். செங்கல்பட்டுல அடிச்சவங்களுக்காக நான் பரிதாபப்படல, ஒரு சொட்டு கூட இல்ல, அவங்க ஜெயிலுக்குப் போறதுதான் நியாயம். ஆனா ஜீப்புல ஏறுனது அந்த மதிலுக்குள்ள சம்பளம் வாங்குன ஆறு பேருதான். காலியிடத்தை நிரப்பாம விட்ட ஃபைல்ல கையெழுத்துப் போட்டவங்களைத் தேடி எந்த ஜீப்பும் போகல.

அதனால ஜாய்ன் பண்றதுக்கு மொதல்ல ஆர்டரை ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து அம்மாகிட்டக் குடுத்துட்டுப் போங்க. உங்க மேல புகார் வர்ற அன்னைக்கு, 'இந்த நபருக்கும் துறைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை'ன்னு சொல்லிருவாங்க. நீங்க அங்கதான் வேலை பாத்தீங்கங்கறதுக்கு வீட்டுலயாவது ஒரு அத்தாட்சி இருக்கட்டும்.