கான்ஸ்டான்… அப்புறம்?

ரோமானிய வெண்கலக் காசு சேகரிப்பது, பெரும்பாலும், ரோமானியத் தங்கம் வாங்கக் கட்டுப்படியாகாதவர்களின் பொழுதுபோக்கு. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் இந்தக் காசுகளை மலைமலையாய் அடித்துத் தள்ளியதால், அத்தனை பழமை இருந்தும் அவை மலிவு.

வாங்கியதும் வேலை மண்ணை நீக்குவது. காய்ச்சி வடித்த நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட வேண்டும். பொறுமையில்லாமல் அமிலத்தில் போட்டால் அழுக்கோடு மன்னரும் கிளம்பிவிடுவார். வெளிர்பச்சைப் பொடி பூத்தால் அது குளோரைடு அரிப்பு. அந்தக் காசைத் தனியே ஒதுக்குவதே உத்தமம்.

முகம் தெரிந்ததும் உண்மையான தொல்லை தொடங்குகிறது. 306 முதல் 337 வரை ஆண்ட கான்ஸ்டன்டைனின் அப்பா கான்ஸ்டான்டியஸ். மகன்களில் மூவர்: கான்ஸ்டான்டினஸ், கான்ஸ்டான்டியஸ், கான்ஸ்டான்ஸ். மகள் கான்ஸ்டான்டினா, தங்கை கான்ஸ்டான்டியா. பெயர் வைப்பதில் இவ்வளவு சிக்கனம் பிடித்த குடும்பம் வேறு இருக்காது. தேய்ந்த காசில் எஞ்சுவதோ ‘கான்ஸ்டான்’ வரைதான். முகங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். தலையணி ஓரளவு கைகொடுக்கும்: மணிப்பட்டை கட்டியிருந்தால் பேரரசர், இலைமாலை சூடியிருந்தால் பெரும்பாலும் இளவரசர்.

பின்புறத்தைத் திருப்பினால், மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு வகையில், ஈட்டி ஏந்திய இரண்டு சிப்பாய்கள். நடுவே இரண்டு படைக்கொடி இருந்தால் 330க்கும் 335க்கும் இடைப்பட்டது. பிறகு காசு சிறுத்தது, கொடியும் ஒன்றானது. சிப்பாய்களை மட்டும் ஏனோ குறைக்கவில்லை. அவர்கள் காலடியில் அக்கசாலையின் குறி: ‘சிஸ்’ என்றால் சிஸ்கியா, ‘டிஆர்’ என்றால் டிரியர். காசில் முதலில் தேய்வதும் அச்சு விலகி விடுபடுவதும் பெரும்பாலும் இந்த இடம்தான்.

அதையும் படித்துவிட்டால் ‘ரோமன் இம்பீரியல் காய்னேஜ்’ தொகுதிகளில் தேட வேண்டும். ஏழாம் தொகுதி 337இல் முடிகிறது, எட்டாவது அங்கிருந்து தொடங்குகிறது. ஒற்றைக்கொடிக் காசோ அந்த ஆண்டுக்கு முன்னும் அடிக்கப்பட்டது, பின்னும் அடிக்கப்பட்டது. ஆகவே இரண்டு தொகுதிகளும் தேவை. அவற்றின் விலையில் அந்தக் காசை ஒரு டப்பா நிறைய வாங்கலாம்.

கரூர் அமராவதி ஆற்றுமணலிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகள் நன்றாகவே தேய்ந்தவை. இலங்கையில் ஏராளமாகக் கிடைப்பவற்றில் உள்ளூரிலேயே பார்த்து அடித்த நகல்களும் உண்டு. அவை பலவற்றில் எழுத்துக்குப் பதில் வெறும் கோடுகள்தான். அங்கே கான்ஸ்டான்டியஸா, கான்ஸ்டான்ஸா என்ற வழக்கே எழாது.