அடிக்கிற பிள்ளை, அழுகிற அம்மா

போனை வாங்கினால் என் நாலு வயது மகன் அடிக்கிறான், கடிக்கிறான். கோளாறு அவனிடம் இருக்க, பெற்றோருக்கான பயிற்சிக் குழுவுக்கு நான் எதற்குப் போக வேண்டும்? (சேலம் வாசகி)

வாரத்தில் ஒரு மணி நேரம் பார்க்கிற ஆலோசகரைவிட, நாள் முழுக்கக் கூடவே இருக்கிற உங்களுக்குத்தான் அவனை மாற்ற வாய்ப்பு அதிகம். கனடாவில் ஆய்வாளர் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே பல ஆண்டுகள் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார். அடிப்பதும் கடிப்பதும் இரண்டு, மூன்று வயதில்தான் உச்சத்தில் இருக்கும் என்றார். அடிப்பதைப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிக்காமல் இருப்பதைத்தான் சொல்லித்தர வேண்டும்.

நான் செல்லம் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்துவிட்டேன் என்கிறார் மாமியார். (மதுரை வாசகி)

அமெரிக்காவின் ஆரிகனில் உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் குழுவினர், வீடுகளுக்கே போய்ப் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடக்கிற சண்டைகளைக் கணத்துக்குக் கணம் குறித்தார்கள். உங்கள் வீட்டில் அது இப்படி நடக்கும்: பிள்ளை போன் கேட்கிறான். நீங்கள் ‘வேண்டாம்’ என்கிறீர்கள். அவன் கத்துகிறான். நீங்களும் கத்துகிறீர்கள். அவன் அடிக்கிறான். ‘சரி, அஞ்சு நிமிஷம்தான்’ என்று போனைக் கொடுக்கிறீர்கள். வீடு அமைதியாகிறது. அடித்தால் கிடைக்கும் என்று அவன் தெரிந்துகொண்டான். கொடுத்தால் அடங்குவான் என்று நீங்கள் தெரிந்துகொண்டீர்கள். அத்தையிடம் சொல்லுங்கள், இதற்குப் பெயர் செல்லமில்லை, களைப்பு.

ஒரு அடி போட்டால் அடங்கிவிடாதா? (கரூர் வாசகர்)

‘அடிக்காதே’ என்று சொல்லி அடிப்பதா?

பெற்றோர் பயிற்சிக் குழுவில் உட்காரவைத்து உபதேசம்தானே செய்வார்கள்? (கோவை வாசகர்)

சியாட்டிலில் உளவியலாளர் கரோலின் வெப்ஸ்டர்-ஸ்டிராட்டன் 1980-களில் வளர்த்தெடுத்த முறையில் உபதேசத்துக்கு இடம் குறைவு. சின்னச் சின்ன வீடியோக்களைப் பார்த்துப் பெற்றோரே பேசுவார்கள். பிறகு நடித்துப் பார்ப்பார்கள். ஒரு அம்மா பிள்ளையாகித் தரையில் உட்காருவார். இன்னொருவர், “எத்தனை தடவை சொல்றது? எடுத்து வைக்கிறியா இல்லையா?” என்பார். கீழே இருப்பவருக்கு அந்தக் குரல் தலைக்கு மேலிருந்து இறங்கும். அப்போதுதான் அதன் கனம் உறைக்கும். அடுத்த முறை முட்டி போட்டு, கண்ணுக்கு நேராக: “காரையெல்லாம் கூடையில போடு.” அப்புறம் வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும். கஷ்டமே அந்தக் காத்திருப்புதான்.

ஆனால் தொடக்க வாரங்களின் வீட்டுப்பாடம் விளையாட்டு. தினமும் பத்து நிமிடம், பிள்ளை இழுத்த இழுப்புக்கு. கேள்வியும் கிடையாது, கட்டளையும் கிடையாது. ‘அடிக்கிறவனோடு விளையாடணுமா?’ என்று கோபம் வரும். விளையாடுங்கள். அடித்தால் மட்டுமே உங்கள் கவனம் கிடைக்கிற வீட்டில் அவன் வேறென்ன செய்வான்?

பத்துப் பேர் முன்னால் ‘என் மகன் என்னை அடிக்கிறான்’ என்று எப்படிச் சொல்வேன்? (நாகர்கோவில் வாசகி)

கல்யாண வீட்டுக்குக்கூட அவனைக் கூட்டிப்போகாமல் ஒதுங்கியிருப்பீர்கள். உங்கள் வலி புரிகிறது. இந்தக் குழுக்களுக்குப் போய்வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, ‘நமக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்’ என்பதைத்தான். பக்கத்து நாற்காலிக்காரர் “என் பொண்ணு முடியைப் பிடிச்சு இழுப்பா” என்று சொல்லும்போது வருகிற தெம்பை எந்த நிபுணராலும் தர முடியாது. முதல் நாள் பேசாமல் உட்கார்ந்திருங்கள், போதும்.

பலன் உண்டா? (திருச்சி வாசகர்)

உண்டு. வேல்ஸ் நாட்டில் இந்த முறையை 153 குடும்பங்களிடம் சோதித்த ஆய்வு 2007-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பயிற்சிக்குக் காத்திருந்தவர்களைவிட, பயிற்சி பெற்றவர்களின் பிள்ளைகள் நன்றாகவே மாறியிருந்தார்கள். பெற்றோரின் மனச்சோர்வும் குறைந்திருந்தது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் கேட்பது 10 முதல் 16 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கைக்குழந்தையை யார் பார்ப்பது, பஸ்ஸுக்கு யார் கொடுப்பது என்ற கேள்விகளுக்கும் பதில் இருந்தால்தான் ஏழைத் தாய் அத்தனை வாரமும் வர முடியும். நம் ஊரில் தொடங்குகிறவர்கள் முதலில் இதற்கு ஏற்பாடு செய்யட்டும்.

போன் கொடுப்பதை நிறுத்தினேன். அடி கூடிவிட்டதே! (வேலூர் வாசகி)

முதலில் கூடத்தான் செய்யும். வழக்கமாகப் பலித்தது பலிக்கவில்லையே! இப்போது விட்டுக்கொடுத்தால், இன்னும் ஓங்கி அடிக்கக் கற்றுக்கொள்வான். அவன் அடிக்காமல் கேட்கிற முதல் தடவையைத் தவறவிடாதீர்கள்; “கையை ஓங்காம கேட்டியே” என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். யாருக்காவது காயம் படுகிற அளவுக்குப் போனால், குழுவுக்குக் காத்திருக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.