கொம்பு, தும்பி, லாலிக்

(இந்த வாரம் எல்லாமே பிரெஞ்சு நகைக் கலைஞர் ரெனே லாலிக் பற்றிய கேள்விகள்!)

கே: மாட்டுக் கொம்பில் நகை செய்து பாரிஸில் விற்றாராமே, மெய்யா?

ப: மெய்தான். கொம்பைச் செதுக்கிக் கொண்டைச் சீப்பாக்கினார். மாட்டின் தலையில் இருந்தவரை அதைச் சீந்த ஆளில்லை. சீமாட்டி தலைக்குப் போனதும் கலை! நாடக ராணி சாரா பெர்னார்ட்டே லாலிக்கின் வாடிக்கையாளர்.

கே: செய்கூலி, சேதாரம் எத்தனை சதவீதம் போட்டிருப்பார்?

ப: கொம்பு, கண்ணாடி, தந்தம், எனாமல்... இதில் சேதாரம் எங்கே வருகிறது? அவர் நகை முழுக்க முழுக்கச் செய்கூலிதான். அடகுக் கடைத் தராசுக்கு அது புரியாது.

கே: பரம்பரைப் பத்தரா?

ப: இல்லை. 1860-ல் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் பிறந்தவர். அப்பா காலமானதும் 16 வயதில் பாரிஸ் நகைக்காரர் லூயி ஒகோக்கிடம் தொழில் பழகப் போனார். பிறகு லண்டன் சைடன்ஹாமில் படிப்பு. திரும்பி வந்து கார்த்தியே, பூஷெரோன் போன்ற பெரிய கடைகளுக்கு வரைந்து கொடுத்தார். பெயர் அவர்களுக்கு, கைவலி இவருக்கு. 1885-ல் சொந்தப் பட்டறை போட்டதும் வலி தீர்ந்தது.

கே: வைரம் என்றால் அவருக்கு அலர்ஜியா?

ப: சேச்சே. வைரத்துக்கும் வேலை கொடுத்தார், எடுபிடி வேலை! கதாநாயகி எனாமல்தான். பின்னால் தகடே இல்லாமல், தங்கக் கம்பிச் சட்டத்துக்குள் எனாமலை நிரப்பிச் சுடுவார். வெளிச்சம் ஊடுருவும். பூச்சி இறக்கை என்றால் பூச்சியே ஏமாறும்.

கே: அவருடைய மாஸ்டர்பீஸ் எது? அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாமா?

ப: 1897-98-ல் செய்த தும்பிப் பெண். மார்பில் அணிவது. தும்பியின் வாயிலிருந்து ஒரு பெண்ணின் உடல் வெளிவருகிறது. விழுங்குகிறதா, உமிழ்கிறதா என்பது உங்கள் மனநிலையைப் பொறுத்தது. அகலம் சுமார் 26 செ.மீ. கட்டிப்பிடிக்க வரும் அத்தைகள் எட்ட நின்றே ஆசீர்வதிப்பார்கள். ஆனால் எண்ணெய்க் கோடீஸ்வரர் குல்பென்கியன் முந்திக்கொண்டார். அது லிஸ்பனில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

கே: 1900 பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் பிறகு ஊரெல்லாம் அவரைக் காப்பியடித்ததாமே. கோர்ட்டுக்குப் போனாரா?

ப: அதைவிடக் கெட்டிக்காரத்தனம் செய்தார். காப்பியடித்தவர்களிடமே நகையை விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு நகர்ந்தார். 1912-ல் அவர் வைத்த கண்காட்சியில் முழுக்கக் கண்ணாடி!

கே: தங்கத்திலிருந்து கண்ணாடிக்கு வந்தது சறுக்கல் அல்லவா?

ப: கல்லாப்பெட்டி அப்படிச் சொல்லாது. கோத்தி கம்பெனிக்கு அவர் செய்த சென்ட் பாட்டில்களை, சென்ட் தீர்ந்த பிறகும் யாரும் தூக்கிப் போடவில்லை. 1921-ல் அல்சாஸில் பெரிய தொழிற்சாலை. 1925-ல் சித்ரோயென் காரின் முகப்புக்குக் கண்ணாடிச் சின்னம்: 5 குதிரைத் திறன் காருக்கு 5 குதிரைகள். கணக்கு சுத்தம்! ஆனாலும் என் ஓட்டு தும்பிக்கே. அச்சில் வார்க்கும் குதிரை ஆயிரம் வரும், தும்பி ஒன்றுதான்.

கே: என் மகள் நகை வடிவமைப்பு படிக்கிறாள். உங்கள் அறிவுரை?

ப: லாலிக் மாதிரி முதலில் தோட்டத்தில் உட்கார்ந்து பூச்சியையும் பூவையும் வரையச் சொல்லுங்கள். போனில் தங்க விலை காட்டும் ஆப் இருந்தால் இன்றே அழிக்கச் சொல்லுங்கள். அது உங்கள் போனிலேயே இருக்கட்டும். ஃபீஸ் கட்ட உதவும்.