கைவேலை அம்மா

டிஷ்யூ ரோலை அவர் தாளுக்காக வாங்குவதில்லை; நடுவில் இருக்கும் அட்டைக் குழாய்க்காக வாங்குகிறார். தாள் தீர நாளாகுமே என்று பொறுக்காமல், முழுவதையும் பிரித்து ஒரு பையில் திணித்துவிட்டுக் குழாயை மட்டும் பத்திரப்படுத்துவார். வீட்டுக்காரர் குளியலறையில் கைவிட்டுத் துழாவுவது அந்தப் பையில்தான்.

ஜோகூரின் ஆயர் ஈத்தாமில் கைவேலை அம்மாவைக் கண்டுபிடிக்க அதிகம் அலைய வேண்டாம். மளிகைக் கடையில் முட்டை வாங்காமல், “தவுக்கே, பாப்பான் தெலூர் கோசோங் ஆடா?” என்று காலித் தட்டுகளை மட்டும் கேட்பவர் அவர். பிறந்தநாள் விருந்தில் பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று குச்சியை வாங்கிக்கொள்பவரும் அவர். யாகுல்ட் குப்பி ராக்கெட்டுக்கு, மைலோ டின் மத்தளத்துக்கு, கோழிமுட்டை ஓடு எதற்கென்று அவருக்கே இன்னும் தெரியாது. ஆனால் கழுவிக் காயவைத்திருக்கிறார். அலமாரியில் இடம் போதாமல் நல்ல தட்டுகள் கட்டிலுக்கடியில் குடியேறிவிட்டன.

சனிக்கிழமை காலை அரங்கேற்றம். கூடத்தில் முந்தின நாள் ‘தமிழ் மலர்’ விரிக்கப்படும். தாத்தா படித்து முடித்தாரா என்ற கேள்வி எழாது. அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பழைய பெட்ஷீட், அதன்மேல் மழைக்கோட்டு மாட்டிய நாலு வயதுப் பையன். இவ்வளவு பாதுகாப்போடுதான் அவன் அழுக்காக விளையாட அனுமதிக்கப்படுகிறான்.

முதலில் மாவுப் பொம்மை. மைதா ரெண்டு கோப்பை, உப்பு ஒரு கோப்பை, எண்ணெய் ஒரு கரண்டி, வெந்நீர், கேசரிக் கலர். இது எல்லா வீட்டிலும் உள்ள பக்குவம். கைவேலை அம்மா இதோடு நிற்பவரல்ல. மாவு இழுவையாக, உடையாமல் வர வேண்டுமென்று டார்டார் பொடியைத் தேடிப் பத்து பகாட்வரை போய் வந்தவர். பெட்ரோல் கணக்கு பார்த்தால் கடையில் விற்கும் பிளே-டோ டப்பாவே மலிவு. அந்த டப்பாவின் பூர்வீகமும் ஒன்றும் பிரமாதமில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டியில் சுவர்க் காகிதத்தில் படிந்த கரியைத் துடைக்க விற்ற மாவு அது. ஒரு பாலர் பள்ளி ஆசிரியை அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்ததால் 1956இல் விளையாட்டுப் பொருளாகிவிட்டது.

இதில் வேடிக்கை, இது நடக்கும் ஊர் எது என்பதுதான். முதலாம் எண், ஐம்பதாம் எண் கூட்டரசுச் சாலைகள் சந்திக்கும் இடம். 1994இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறக்கும்வரை கோலாலம்பூர்–சிங்கப்பூர் பயணிகள் இங்கே இறங்கித் தேநீர் குடித்து, பூச்சாடி வாங்காமல் போனதில்லை. சாலையோரமெங்கும் பீங்கான் கடைகள். தெற்கே மாச்சாப் பக்கம் போனால் மேட்டில் நீளமாகப் படுத்திருக்கும் டிராகன் சூளை. களிமண்ணால் பேர் வாங்கிய ஊர்! ஆனால் கைவேலை அம்மா களிமண்ணைப் பொட்டலத்தில்தான் வாங்குவார். “நம்மூரு மண்ணா? ஐயோ, கிருமிங்க!”

போகட்டும். மாவு தயார், பையன் தயார். அவன் ஒரு உருண்டை பிடித்து நசுக்குகிறான். இன்னொன்றைப் பிடித்து மறுபடி நசுக்குகிறான். அம்மா பொறுக்கிறார், பொறுக்கிறார், பிறகு முடியவில்லை.

“ஆந்தை செய்யலாம் கண்ணா.”

“பாம்பு.”

“ஆந்தைதான் அழகு. இந்தா, கண்ணு வை.”

வைத்தான். மூன்று.

“ஆந்தைக்கு மூணு கண்ணு இருக்காதுடா. குடு, அம்மா செய்றேன், நீ பாரு.”

அவன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். கடைசியில் ஆந்தை முடிந்ததும் அவன் கையில் கொடுத்து ஒரு படம். ‘என் செல்லம் தானே செய்தது’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கு இந்தக் கலை பழகிப்போனது. தீபாவளிக்கு வரும் அட்டை விளக்குகளில் எது அம்மா செய்தது, எது அப்பா ராத்திரி ஒரு மணிக்குக் கோபத்தில் ஒட்டியது என்று கத்தரித்த விளிம்பைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். பிள்ளை செய்ததைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

கைவேலை அம்மாவுக்கு மாண்டிசோரி பேர் தெரியும். அந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார் என்பதுகூடத் தெரியும். பிள்ளை வேலை செய்யும்போது பெரியவர் கை குறுக்கே போகக்கூடாது என்று அவர் சொன்ன பக்கத்தை மட்டும் ஏனோ அவசரமாகப் புரட்டிவிட்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகும் கூட்டத்துக்கு நடுவே, முழங்கால் வலியோடு தரையில் உட்காருகிறவர் இவர். வெண்டைக்காயை நறுக்கிச் சாயத்தில் தோய்த்து அச்சுக் குத்தினால் பூ விழும் என்று அந்தப் பையனுக்குக் காட்டியவரும் இவர்தான். அன்றைக்குக் குழம்பில் வெண்டைக்காய் இல்லை, யாரும் கேட்கவுமில்லை.

அவர் அஞ்சுவது ஒன்றே ஒன்றுக்கு: சோளமாவு. ரெண்டு பங்கு மாவு, ஒரு பங்கு தண்ணீர். ஓங்கிக் குத்தினால் கல், விட்டுப் பிடித்தால் கஞ்சி. மாவுத் துகள்கள் திடீர் அடிக்கு விலக நேரமில்லாமல் நெருக்கியடித்து நிற்பதால் வரும் வித்தை. இதில் ஆந்தை செய்ய முடியாது, படமும் எடுபடாது, பையன் மட்டும் எழுந்திருக்கவே மாட்டான். முதல் தடவை மிச்சத்தை அம்மா சிங்க்கில் ஊற்றிவிட்டார். அது குழாய்க்குள் போய்ப் படிந்துகொண்டது. வீட்டுக்காரர் ஞாயிறு முழுக்கச் சிங்க்குக்கடியில் படுத்திருந்தார். வெயிலில் காயவிட்டுப் பெருக்கிக் குப்பையில் போட வேண்டிய பொருள் அது.

அந்த ஞாயிறுதான் பாட்டி பையனைப் பின்பக்கம் கூட்டிப்போனார். பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மாச்சாப் பக்கத்து டிராகன் சூளை மாதிரிச் சூளைகளில் சுட்ட பால் மங்குகளைத்தான் மரத்துக்கு மரம் கட்டி, பால் எடுத்தவர். வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை நாடாவாக உரித்துச் சுற்றிச் சுற்றிப் பந்தாக்கி விளையாடிய காலத்துப் பிள்ளை. அந்தப் பந்து எகிறுகிற திசை அதற்கே தெரியாது. நாற்றமோ ஊருக்கே தெரியும். இப்போது ஒட்டுப்பாலுக்கு எங்கே போவது? மழை விட்டிருந்தது. லோங்காங் ஓரம் மண் பதமாக இருந்தது. மழைக்கோட்டு மாட்டவில்லை.

“அம்மா கேட்டா மாவுன்னு சொல்லு, என்னா?”

திங்கட்கிழமை சமையலறை ஜன்னலில் வரிசையாகப் பத்துப் பாம்புகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று கண். கைவேலை அம்மா ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“உடையவே இல்லையே! கலரும் நல்லா வந்திருக்கு. என்ன போட்டீங்க அத்தை?”

“மாவுதான்.”

“தண்ணி என்ன அளவு?”

“பேஞ்ச அளவு” என்றார் பாட்டி.

மருமகள் அதையும் குறித்துக்கொண்டார்.