ஒரு கோடிச் சீட்டு

கேள்வி: ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு நாடே இப்படித்தான் நினைக்கிறது என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: எத்தனை பேர் என்பதை விடுங்கள், எப்படிப் பொறுக்கினார்கள்? 1936 அமெரிக்கத் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அவற்றை வைத்து, எதிர்க்கட்சி வேட்பாளர் லாண்டன்தான் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ஆனால் ஆட்சியில் இருந்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அன்றைய 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார்!

முகவரிகளில் பெரும்பகுதி டெலிபோன் டைரக்டரியிலும் கார் பதிவேட்டிலும் எடுத்தவை. அன்றைய பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலை இழந்தவர் வீட்டில் ஏது டெலிபோன்? வசதியுள்ளவர்களின் குரல்தான் ஓங்கியது. சீட்டைப் பூர்த்தி செய்து அனுப்பியவர்களும் அப்படியே: ஆட்சி மீது கோபமுள்ளவர்தான் முந்திக்கொண்டு அனுப்புவார்.

எல்லாருடைய பெயரும் உள்ள பட்டியலை வைத்துக் குலுக்கல் முறையில் எடுங்கள். ஆயிரம் பேரே போதும்; பெரும்பாலும் மூன்று சதவீதம் முன்னே பின்னே, அவ்வளவுதான்.