கோணல் பர்ஃபியும் மனித குலமும்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

நெய் தடவிய வட்டத் தட்டில் கொட்டிய தேங்காய் பர்ஃபிக்குச் சூடு ஆறுவதற்குள் கத்தியால் கோடு போட்டு வில்லை போடுவது வழக்கம். நடுவில் விழுபவை சதுரங்கள். ஓரத்தில் விழுபவை இரண்டு பக்கம் நேராக, ஒரு பக்கம் வளைந்து, யூக்ளிட் பெயர் வைக்காமல் விட்ட உருவங்கள். தேங்காயும் ஒன்றே, பாகும் ஒன்றே. ஆயினும் விருந்தாளிக்குச் சதுரங்களே போகின்றன; ஓரங்கள் அடுக்களையிலேயே காலியாகின்றன. இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது?

2. முன்னோர் கண்டவை

மூளை பக்கங்களை மட்டும் எண்ணி உருவத்தை முடிவு செய்வதில்லை. சதுர வில்லையை 45 பாகை திருப்பி வைத்தால் அது ‘டைமண்ட்’ ஆகிவிடும். கொஞ்சம் பெரிதாகவும் தெரியும். திருப்பிய சதுரம் வேறு உருவமாகத் தெரிவதை இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1886-லேயே எழுதிவிட்டார்.

இல்லாத உருவத்துக்கும் மூளை இடம் ஒதுக்கும். பொரிக்காத அப்பளங்கள் மூன்றில் மையம் வரை ஓர் ஆப்பு வெட்டியெடுத்து, வெட்டுவாய்கள் ஒன்றையொன்று பார்க்க வாழையிலையில் வைத்தால், நடுவே யாரும் வரையாத பச்சை முக்கோணம் ஒன்று எழும். உளவியலாளர் கயெட்டானோ கனிஸ்ஸா 1955-இல் இதைக் காகிதத்தில் காட்டினார். அப்பளம் நமது பங்களிப்பு.

3. குரங்குச் சான்று

2021-இல் வெளியான ஆய்வில் நரம்பியல் அறிஞர் ஸ்தனிஸ்லாஸ் டெஹேன் குழுவினர் ஆறு நாற்கரங்களைக் காட்டி, மூலை நகர்ந்த ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சதுரங்களுக்கு நடுவே இருந்த கோணல் உருவம் மனிதர் கண்ணில் சட்டென்று பட்டது. ஒழுங்கற்ற நாற்கரங்களில் திணறினார்கள். பிரான்சின் மழலையர் பள்ளிப் பிள்ளைகளும் பள்ளிப் படிப்பு அதிகமில்லாத நமீபியாவின் ஹிம்பா மக்களும் இதில் ஒரே கட்சி. ஆகவே கணக்கு வாத்தியாரைக் குற்றம் சொல்ல வழியில்லை. பபூன் குரங்குகளுக்கோ சதுரத்தால் எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை.

4. மறுப்பும் விடையும்

“கோணலாக இருந்தால் ருசி குறைந்துவிடுமா?” என்று சிலர் கேட்பர். குறையாது. ஆனால் இது பபூன் தரப்பு வாதம் என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறோம்.

5. முடிவும் பரிந்துரையும்

தட்டைப் பார்த்ததும் “என்ன, வில்லை கோணலா விழுந்திருக்கு?” என்பவர் குதர்க்கம் பேசவில்லை, தம் இனத்தை நிரூபிக்கிறார். அடுத்த முறை கத்தியை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். கோணலைக் காணும் மூளைக்கும் நேராக வெட்டும் கைக்கும் தொடர்பு உண்டா என்பது தனி ஆய்வுக்கு உரியது.