தள்ளுபடியும் தள்ளுவண்டியும்

தமிழ்நாட்டில் மூன்று இடங்களில் தள்ளுபடி நடக்கிறது. நீதிமன்றத்தில் மனு தள்ளுபடியானால் நஷ்டம் மனுதாரருக்கு. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் தள்ளுபடியானால் நஷ்டம் அரசாங்கத்துக்கு. சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு தள்ளுபடியாகும்போது மட்டும் நஷ்டம் யாருக்கு என்று பிடிபடுவதில்லை. விற்றவரும் சிரிக்கிறார், வாங்கியவரும் சிரிக்கிறார். ஒரு வியாபாரத்தில் இரண்டு பக்கமும் சிரித்தால் பில்லை இன்னொரு தரம் படித்துப் பார்ப்பது நல்லது.

பொட்டலத்தில் அச்சிட்ட விலைக்கும் கீழே, வருஷம் முழுக்க விற்கும் பெரிய மளிகைக் கடைதான் தள்ளுபடி சூப்பர் மார்க்கெட். ஆடித் தள்ளுபடி ஆடியோடு போய்விடும், இது போகாது. அச்சிட்ட விலையான எம்.ஆர்.பி. இந்தியாவில் 1990-இல் கட்டாயமானது. அதற்கு மேல் விற்றால் குற்றம், கீழே விற்கத் தடையில்லை. அந்த எண்ணை முடிவு செய்பவர் பொருளைத் தயாரிக்கிறவர். மருந்து மாதிரி சில பொருள்களைத் தவிர, இவ்வளவுக்கு மேல் அச்சிடாதே என்று அவரைத் தடுக்க ஆளில்லை. ஆகவே 200 என்று போட்டும் 99-க்குத் தரலாம், 120 என்று போட்டும் 99-க்குத் தரலாம். கையை விட்டுப் போவது இரண்டிலும் 99 ரூபாய்தான். ஆனால் முதல் பொட்டலத்தை வாங்கியவர் 101 ரூபாய் சம்பாதித்த தோரணையில் நடந்து போகிறார். இரண்டாமவர் சும்மா நடந்து போகிறார். இந்த நடை வித்தியாசத்தை நம்பித்தான் பாதி அலமாரி அடுக்கப்படுகிறது.

மீதிப் பாதியில் மோசடி ஒன்றும் கிடையாது. தெருமுனைக் கடையில் தொங்கும் அதே சோப்பு, அதே எண்ணெய், அதே டீத்தூள், அதே எம்.ஆர்.பி.; விலை மட்டும் பத்து சதவீதமோ கொஞ்சம் கூடவோ குறைவு. இதை நம்பலாம். பெயரே கேள்விப்படாத வாளியின் மேல் ‘60 சதவீதம் தள்ளுபடி’ என்று எழுதியிருந்தால் அதைக் கவிதை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாடிக்கையாளரே பொருளை எடுத்துக்கொள்ளட்டும் என்கிற யோசனை 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த ‘பிக்லி விக்லி’ கடையோடு பரவியது. அதுவரை அங்கேயும் நம்மூர் முறைதான். லிஸ்ட்டை நீட்டினால் கடைப் பையன் எடுத்துக் கட்டித் தருவான். சாண்டர்ஸ் கடைப் பையன்களைக் குறைத்தார். வாசலில் சுழல்கதவை வைத்து, உள்ளே போனவர் எல்லா அலமாரிகளையும் சுற்றி வந்தால்தான் வெளியே போகலாம் என்று ஒரே பாதையாகப் போட்டார். உப்புக்கு வந்தவரும் பிரகாரம் முழுக்கச் சுற்றித்தான் ஆக வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு 1917-இல் அவர் காப்புரிமையும் வாங்கினார். கூட்டத்தை வரிசையில் விடும் கலையில் அவருக்கு முன்னோடிகள் நம்மூர்க் கோயில்களில் இருந்தார்கள் என்பது காப்புரிமை அலுவலகத்துக்குத் தெரிய நியாயமில்லை.

1930-இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மைக்கேல் கல்லன் என்பவர் பழைய கார் கொட்டகை ஒன்றில் சரக்கை மலை மாதிரிக் குவித்து மலிவாக விற்க ஆரம்பித்தார். அலங்காரம் இல்லை, விலையும் அதிகமில்லை, கூட்டம் மட்டும் தாங்கவில்லை. அப்புறம்தான் ஒரு இடைஞ்சல் தெரிந்தது. கையில் மாட்டும் கூடை கனத்ததும் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆசை தீரவில்லை, தோள்பட்டைதான் தீர்ந்துபோகிறது. ஓக்லஹோமா நகரில் கடைகள் வைத்திருந்த சில்வன் கோல்ட்மன், மடக்கு நாற்காலி ஒன்றைப் பார்த்து யோசித்து, அதற்குச் சக்கரமும் கூடையும் மாட்டி 1937-இல் கடையில் விட்டார். யாரும் தொடவில்லை. கூடை தூக்கக்கூட வலு இல்லாதவன் என்று நினைப்பார்களே என்று ஆண்கள் கூசினார்கள். குழந்தை வண்டி தள்ளித் தள்ளி அலுத்துவிட்டது, இங்கேயுமா என்று பெண்கள் சலித்துக்கொண்டார்கள். கோல்ட்மன் கூலிக்கு ஆள் பிடித்தார். வாடிக்கையாளர் வேஷத்தில் அவர்கள் கடைக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரிய, பார்த்தவர்களும் தள்ள ஆரம்பித்தார்கள். கடைக்குள் டிராலி தள்ளியதற்குச் சம்பளம் வாங்கிய வாடிக்கையாளர்கள் அவர்கள்தான்.

தமிழ்நாட்டுக்கு மலிவுக் கடை புதிதில்லை. மற்றக் கடைகளைவிட நியாயமாக விற்க வேண்டும் என்று சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-இலேயே தொடங்கிவிட்டது. இன்றைக்கும் விலையில் யாராலும் நெருங்க முடியாத கடை ரேஷன் கடைதான். 2011 முதல் அரிசி இலவசம்; துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அங்கே சிக்கனம் தன்னால் வந்துவிடும். சர்க்கரை வாங்கப் போனவர் கூடவே ஒரு நான்-ஸ்டிக் தோசைக்கல்லையும் வாங்கி வரும் ஆபத்து ரேஷன் கடையில் இல்லை.

தனியார் தள்ளுபடிக் கடையைச் சென்னைக்குப் பழக்கியது 1997-இல் தொடங்கிய சுபிக்ஷா. ஏ.சி. இல்லாத சின்னக் கடை, மளிகையோடு மருந்தும் தள்ளுபடியில். நாடு முழுக்கச் சுமார் 1,600 கடைகள் வரை வளர்ந்து, கையில் ரொக்கம் வற்றி 2009-இல் நின்றுபோனது. அதிலிருந்து தெரிவது, மலிவாக விற்பது எளிது, தொடர்ந்து மலிவாக விற்பதுதான் வித்தை என்பது. 2001-இல் வந்த பிக் பஜார் வேறு வழியில் போனது. 2006 குடியரசு தினத்தன்று ‘மிக மலிவான நாள்’ என்று அறிவித்ததில், கூட்டத்தைச் சமாளிக்கப் போலீஸ் வர வேண்டியதாயிற்று. பிரஷர் குக்கருக்காக ஜனங்களுக்கே பிரஷர் ஏறிய நாள் அது. அந்தக் கடைகளும் 2022-இல் கைமாறிக் காணாமற்போயின.

நின்று பிழைத்தது டிமார்ட். பங்குச் சந்தை முதலீட்டாளரான ராதாகிஷன் தமானி 2002-இல் மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்தார். வித்தை பெரிதாக ஒன்றுமில்லை. பெரும்பாலும் வாடகைக்குப் போகாமல் சொந்த இடத்திலேயே கடை. சரக்கு கொடுத்தவருக்குச் சீக்கிரம் பணம், அதற்காக அவரிடம் கூடுதல் கழிவு. வேகமாக விற்கும் சரக்குக்கே அலமாரி. 2017 மார்ச்சில் கம்பெனியின் பங்கை 299 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பட்டியலான அன்று காலை அதே பங்கு 600 ரூபாயைத் தாண்டித் தொடங்கியது. அந்தக் கடையில் பாதிக்குப் பாதி விலைக்குக் கிடைத்த ஒரே பொருள் அந்தக் கடையே.

ஆனால் விலை குறைவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது எந்த ஆண்டறிக்கையிலும் வராது. அண்ணாச்சி கடையில் நாலு பேர் பார்க்கும் வேலையை இங்கே வாங்க வந்த குடும்பமே பார்க்கிறது. தள்ளுபடி என்பது அந்த வேலைக்கான கூலி. கூலி கட்டுபடியாகிறதா என்பதுதான் கேள்வி, அதைத் தெரிந்துகொள்ள ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு கடைக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

குடும்பத் தலைவர் முதலில் டிராலி பிடிக்கிறார். டிராலிக்கு நாலு சக்கரம். மூன்று பருப்புப் பக்கம் போகும், நாலாவது பினாயில் பக்கம் போகும். டிராலிக்குள் சின்னவன் உட்காருகிறான், பெரியவள் அதைத் தள்ளுவேன் என்கிறாள். குடும்பத் தலைவி துவரம் பருப்புத் தொட்டியில் முழங்கை வரை விட்டு அள்ளி, நாலைந்து பருப்பை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, பையில் போட்டு முடிச்சுப் போட்டதும்தான் எடை போடும் இடம் கடையின் அந்தக் கோடியில் இருப்பது தெரிகிறது. அங்கே பதினோரு பேர். பன்னிரண்டாவதாகத் தலைவர் நிறுத்தப்படுகிறார். கையில் ஒரு கிலோ பருப்போடு சும்மா நிற்கும் மனிதனின் பார்வை எங்கே போகும்? எதிரே இருப்பது பிளாஸ்டிக் டப்பா வரிசை. ஐந்து கிலோ சர்க்கரை மலிவு என்று எடுத்தாகிவிட்டது, அதைக் கொட்டி வைக்க வீட்டில் டப்பா இல்லை. மூன்று டப்பா செட் மலிவு. மூன்றாவது டப்பாவில் என்ன போடுவது என்று ஒரு கேள்வி வருகிறது. அதற்குப் பதில் அடுத்த வரிசையில் முந்திரிப்பருப்பாகக் காத்திருக்கிறது.

பில் போடும் இடத்தில் எட்டுக் கவுன்ட்டர், ஆள் இருப்பது ஐந்தில். எந்த வரிசையில் நின்றாலும் முன்னால் ஒருவர் பார்கோடு இல்லாத துடைப்பத்தோடு நிற்பார். துடைப்பத்தின் விலை கேட்கப் போன பையன் திரும்பி வருவதற்குள் பக்கத்து வரிசையில் நாலு குடும்பம் பில் வாங்கி வெளியேறிவிடும். “பை வேணுங்களா?” என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் துணிப் பைதான், அதற்குத் தனி விலை. மஞ்சப் பையில் தாம்பூலம் வாங்கி அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கும் குடும்பமும் அன்றைக்கு இரண்டு பை வாங்கும். அத்தனையையும் எடுத்து அடுக்கி, வண்டி வரை சுமந்து போவதும் அவர்கள் பொறுப்பு. வாசலில் செக்யூரிட்டி பில்லை வாங்கி, டிராலியை ஒரு பார்வை பார்த்து, பில்லில் ஒரு கோடு கிழித்துக் கொடுக்கிறார். வேலைக்கு வந்தவர்கள் வெளியேறும்போது கைப்பெட்டியைச் சோதிக்கும் பழைய மில் வாசல் நடைமுறை இது.

அந்த பில்லின் அடியில் ‘இன்று நீங்கள் சேமித்தது’ என்று ஒரு வரி இருக்கும். கணக்கு இப்படி வரும். வீட்டில் எழுதிக்கொண்டு வந்த லிஸ்ட் எம்.ஆர்.பி. கணக்கில் 2,000 ரூபாய். பத்து சதவீதம் போக 1,800 ஆனது, மிச்சம் 200. லிஸ்ட்டில் இல்லாமல் டிராலிக்குள் ஏறியவை எம்.ஆர்.பி. கணக்கில் இன்னொரு 2,000, பெரிய தள்ளுபடி போக 1,400 ஆனது, மிச்சம் 600. ஆகச் சேமிப்பு 800 ரூபாய். 2,000 ரூபாய்க்கு வாங்கக் கிளம்பியவர் 800 ரூபாய் சேமித்து 3,200 ரூபாய் கட்டியிருக்கிறார். கூட்டல் கழித்தலில் பிழை எதுவும் இல்லை. இந்தச் சேமிப்பை டெபாசிட்டாக எடுத்துக்கொள்ள மட்டும் ஒரு வங்கியும் முன்வருவதில்லை.

அண்ணாச்சி கடையில் இந்த வரி கிடையாது, ஏனென்றால் அங்கே பில்லே சந்தேகம். விலை பெரும்பாலும் எம்.ஆர்.பி.; பழகிய முகமென்றால் ரெண்டு ரூபாய் குறையும். ஆனால் ஐம்பது கிராம் கடுகு கேட்டால் ஐம்பது கிராம் கடுகுதான் கிடைக்கும். ராத்திரி பத்து மணிக்குப் பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து கேட்டாலும் தோசை மாவு வரும். மாசக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொள்வார், அதற்கு வட்டி போடுவதில்லை. வட்டி வேறு ரூபத்தில் வரும். தள்ளுபடிக் கடைப் பையைத் தூக்கிக்கொண்டு அவர் கடை வாசலைக் கடக்கும்போது, “என்ன தம்பி, வெளியூருக்குப் போயிருந்தியளோ? ஆளையே காணலியே” என்பார். இந்தக் கேள்விக்குப் பயந்து பின் தெரு வழியாகச் சுற்றிப் போகிறவர்களின் பெட்ரோல் செலவையும் தள்ளுபடியில் கழிக்க வேண்டும். போதாததற்கு, சின்னக் கடைக்காரர்களும் சில சரக்கைத் தள்ளுபடிக் கடையிலேயே எடுத்து வந்து விற்பதுண்டு. ஒரு பில்லுக்கு இத்தனை பாக்கெட்தான் என்று எழுதி வைப்பது அவர்களையும் மனதில் வைத்துத்தான்.

ஆகவே அந்தக் கூட்டத்துக்கு நியாயம் உண்டா என்றால், விலையைப் பொறுத்தவரை உண்டு. மாசத்துக்கு நாலு லிட்டர் எண்ணெயும் ஐந்து கிலோ பருப்பும் துணி சோப்பும் கட்டாயம் செலவாகிற வீட்டுக்கு, கெட்டுப்போகாத சரக்கை அங்கே எடுப்பது நிஜமான லாபம். அந்த லாபம் கைக்கு வரச் சில நிபந்தனைகள் உண்டு: செவ்வாய்க்கிழமை காலையில், சாப்பிட்டுவிட்டு, ஒரே ஆள், டிராலி எடுக்காமல், கூடையோடு போக வேண்டும். கூடை கனத்ததும் நிறுத்திவிட வேண்டும். கோல்ட்மன் எதை ஒழிக்க வண்டி செய்தாரோ அந்தத் தோள்வலிதான் வாங்குகிறவருக்கு இருக்கிற ஒரே காவல். காய்கறியை உழவர் சந்தையில் வாங்குவது உத்தமம். பாலிதீனில் பார்கோடு ஒட்டி விற்கிற கறிவேப்பிலை, கொசுறு கேட்டுப் பழகிய கைக்கு அவமானம்.

பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பதும் உண்மையில்லை. ஒரு கிராமோ ஒரு மில்லியோ என்ன விலை என்று பொட்டலத்திலேயே போட வேண்டும் என 2021-இல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். அந்த எழுத்தைப் படிக்க நல்ல கண்ணாடியும், படிக்கிற நேரத்தில் பின்னால் டிராலி இடிக்காத அதிர்ஷ்டமும் வேண்டும். படித்தவர்களுக்கு ஷாம்பு வரிசையில் ஒரு ஆச்சரியம் கிடைக்கும். அண்ணாச்சி கடையில் மாலை மாதிரித் தொங்கும் பாக்கெட் ஷாம்பு, மில்லி கணக்குப் பார்த்தால், பல சமயம் தள்ளுபடி போன பாட்டிலைவிட மலிவு. பாக்கெட்டில் ஷாம்பு விற்கும் வழக்கத்துக்கு வித்திட்டவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். கூலிக்காரரும் பணக்காரரும் ஒரே சரக்கை வாங்க வேண்டும் என்று அவர் போட்ட கணக்கைத் தாண்டி இன்னும் ஒரு பாட்டில்காரரும் வரவில்லை. போதாக்குறைக்கு பாட்டிலில் அளவு இல்லை, அமுக்கினால் வந்துகொண்டே இருக்கும். இரண்டு மாதம் வரும் என்று வாங்கிய பாட்டில், காலேஜ் படிக்கும் பெண்ணும் அவளைவிட நீளமாக முடி வளர்க்கும் பையனும் உள்ள வீட்டில் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தலைகீழாக நிற்கிறது.